கோபம் மட்டும் போதாது: வன்முறைக்குச் சம்மதம் தருவது யார்?

“அந்த மண்ணே அப்படித்தான்.” மதுரைப் பக்கம் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் வெளியூரில் முதலில் வந்து விழும் வாக்கியம் இது. உள்ளூரிலும் இதை மறுப்பவர்களைவிடக் கொஞ்சம் பெருமையோடு ஒத்துக்கொள்பவர்களே அதிகம். 2007-இல் ‘பருத்திவீரன்’, 2008-இல் ‘சுப்பிரமணியபுரம்’ எனப் படங்கள் வெற்றிபெற்ற பிறகு மதுரை என்பதே ஒரு சினிமா வகையாகிவிட்டது. மீசை, அரிவாள், முறைப்பு, பழிக்குப் பழி. கூடவே, கோபம் இங்கே ரத்தத்தில் ஊறியது என்ற தீர்ப்பு.

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் போனால், வன்முறை ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு வேறு பதில்களும் கிடைக்கும். மேலூர் சாலையில் உள்ள மாவட்ட நீதிமன்றம் ஆளைத் தேடுகிறது: யார் செய்தது, என்ன நோக்கம், எந்த ஆயுதம். கே.கே. நகரில் 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி செய்துவருகிறது. ஆனால் அதே தெருக்களில், கொடூரமான செய்தி ஒன்றைப் படித்ததும் “சைக்கோப் பய” என்று நோயின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறவர்களும் உண்டு. மண், ஆள், நோய் என்று மூன்று பதில்கள். உளவியல் நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத் துருவியிருக்கிறது. அதன் உறுதியான கண்டுபிடிப்புகள் இந்த மூன்றிலும் முழுதாக அடங்குவதில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: கோபம் எல்லா ஊரிலும் உண்டு. அது வன்முறையாக மாற, கோபப்பட்டவனைச் சுற்றி இருப்பவர்களின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு மதுரையைவிட நல்ல இடம் வேறு இல்லை. அதற்கான சாட்சியங்கள், பாராட்டத்தக்கவையும் வெட்கப்படத்தக்கவையும், இங்கேயே குவிந்து கிடக்கின்றன.

ரத்தம் என்ற விளக்கம்

முதல் உலகப் போரின் பிணக்குவியலுக்குப் பிறகு சிக்மண்ட் ஃப்ராய்ட், மனிதனுக்குள் வாழும் உந்துதலோடு அழிக்கும் உந்துதலும் இருக்கிறது என்றார். 1920-இல் அவர் முன்வைத்த கருத்து இது. விலங்குகளை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் 1963-இல் வெளியிட்ட நூலில் இதற்கு உயிரியல் உடை போட்டார். அவர் கணக்கில் ஆக்ரோஷம் என்பது வண்டியூர்க் கண்மாயில் ஏறும் நீர் மாதிரி; மடையைத் திறந்துவிடாவிட்டால் ஒருநாள் கரை உடையும்.

இந்த விளக்கத்தின் அபாயம் என்ன என்பதை ஐரோப்பியப் பேராசிரியர்களுக்கு முன்பே மதுரை மாவட்டம் அனுபவித்துவிட்டது. குற்றம் பிறவியில் வருகிறது என்ற நம்பிக்கையைப் பிரிட்டிஷ் அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக்கியது. 1911-இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-இல் மதுரைக்கு அருகேயுள்ள கீழக்குயில்குடியில் பிரமலைக் கள்ளர்மீது அது பாய்ந்து, சில ஆண்டுகளில் அந்தச் சமூகம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் ரேகை பதிய வேண்டும். ராத்திரியில் காவலர் கண்முன் இருக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். திருடினானா என்ற கேள்வியே இல்லை. எந்த வீட்டில் பிறந்தான் என்பதுதான் கேள்வி. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. பிறவிக் குணம் என்ற பேச்சு மட்டும் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி டீக்கடைக்கும் திரைக்கதைக்கும் குடிபோய்விட்டது.

உடலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. நியூஸிலாந்தின் டனிடின் நகரில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவொன்று 2002-இல் வெளியானது. மூளையின் வேதிப்பொருள்களைக் கையாளும் ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வகை, சிறு வயதில் அடி உதையோடு வளர்ந்த ஆண்களிடம்தான் பிற்கால வன்முறையோடு சேர்ந்து காணப்பட்டது. அதே மரபணுவோடு பிறந்து, அன்பாக வளர்ந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. உடல் தனியாக முடிவெடுப்பதில்லை. வளர்ப்பைக் கலந்துகொண்டே முடிவெடுக்கிறது. இதற்கு முன்பே, 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய பல துறை அறிஞர்கள், போர் நம் மரபணுவில் எழுதப்பட்டது என்று சொல்வது அறிவியல்படி தவறு என அறிக்கை வெளியிட்டார்கள். யுனெஸ்கோ அதை 1989-இல் ஏற்றுக்கொண்டது.

‘சைக்கோ’ என்ற விளக்கமும் இதே ரத்த விளக்கத்தின் புதுப் பதிப்புத்தான். அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களை ஆராய்ந்து 1998-இல் வெளியான மெக்கார்தர் ஆய்வு, போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகள் அக்கம்பக்கத்தாரைவிட அதிகமாக வன்முறையில் இறங்கவில்லை என்று காட்டியது. நோயாளி ஆபத்தானவர் என்ற பயம் என்ன செய்யும் என்பதை நாம் நேரில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். நாம் பயந்தோம், கட்டினோம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டியிருந்தது.

வெயிலும் ஏமாற்றமும்

1939-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டொலார்டும் நண்பர்களும் வேறு பாதை காட்டினார்கள். ஆசைப்பட்டது கைக்கு எட்டாமல் போகும்போது ஆக்ரோஷம் பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. இது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது. 1989-இல் லெனார்ட் பெர்கோவிட்ஸ் அதைத் திருத்தினார்: ஏமாற்றம் மட்டுமல்ல, வலி, துர்நாற்றம், புழுக்கம் என்று உடம்புக்கு ஆகாத எதுவும் மனத்தைச் சிடுசிடுப்பாக்கும், சிடுசிடுத்த மனத்துக்குச் சுற்றிலும் உள்ள சாடைகள் வழிகாட்டும். வெப்பநிலை ஏறும்போது தாக்குதல்களும் கூடுவதைக் கிரேய்க் ஆண்டர்சன் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டின. மது, கண்முன் இருப்பதை மட்டும் பெரிதாக்கி நாளைய விளைவை மறைத்துவிடுகிறது என்று 1990-இல் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்சும் விளக்கினார்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பவருக்கும், டாஸ்மாக் வாசலில் இரவு பத்து மணிக்கு நடப்பதைப் பார்ப்பவருக்கும் இதெல்லாம் புதுச் செய்தி இல்லை.

ஆனால் இந்த விளக்கம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. மேனேஜரிடம் திட்டு வாங்கியவன் மேனேஜரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறான், மகனை அடிக்கிறான். அதிகாரி முன்னால் கட்டுக்குள் நின்ற கோபம் வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டு மீறுகிறது என்றால், அது கட்டுப்படுத்தவே முடியாத கோபம் அல்ல. யாரை அடித்தால் கேள்வி வராது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. வெயிலும் ஏமாற்றமும் கோபத்தை உண்டாக்கலாம். அது யார்மேல் இறங்கலாம் என்பதைச் சமூகம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது.

கோபத்தைக் கொட்டிவிட்டால் மனசு லேசாகும் என்பது பரவலான நம்பிக்கை. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களுக்குக் கோபமூட்டினார். ஒரு பிரிவினர் தங்களைச் சீண்டியவனை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பழிவாங்க வாய்ப்புக் கொடுத்தபோது, குத்தித் தீர்த்தவர்களே அதிக ஆக்ரோஷம் காட்டினார்கள். சும்மா இருந்தவர்கள் தணிந்திருந்தார்கள். கோபத்தைக் கொட்டியது, கோபப்படுவதற்கான பயிற்சியாகத்தான் முடிந்தது.

பார்த்துப் படிப்பது

1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பண்டூராவும் சகாக்களும் 72 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனை உளவியல் மாணவர் எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்ததைப் பார்த்த குழந்தைகள், தனியாக விட்டதும் அதேபோல் அடித்தார்கள். அவர் சொன்ன வசவுகளையும் திருப்பிச் சொன்னார்கள். 1965-இல் வெளியான அடுத்த சோதனையில் இன்னும் ஆழமான விஷயம் கிடைத்தது. பொம்மையை அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும் தண்டனையைப் பார்த்தவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். அதாவது, வன்முறையை எல்லாப் பிரிவுக் குழந்தைகளும் ஒரே அளவுக்குக் கற்றுவைத்திருந்தார்கள். அதை வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதை, பரிசா தண்டனையா என்பது முடிவு செய்தது.

இந்தப் பார்வையில் படம் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற புலம்பல் பாதி உண்மைதான். அரிவாளைப் பிடிக்கத் திரை கற்றுத்தரலாம். அரிவாள் பிடித்தவனுக்குத் தெருவில் என்ன மரியாதை என்பதைத் தெருதான் கற்றுத்தருகிறது. ஒரு வழக்கில் உள்ளே போய் வந்தவனின் படம் காதுகுத்து ஃப்ளெக்ஸில் சிரித்தால், அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு அது பரிசளிப்பு விழாவாகத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தின் நிலை என்ன என்று 2023-இல் தமிழ்நாடு அதிர்ச்சியோடு பார்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை, அரசுப் பள்ளிப் பெயர்களில் சாதிச் சொல் நீக்கம் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. அந்தப் பெயர் நீக்கத்தின்கீழ் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. கைரேகைச் சட்டக் கொடுமையின் நினைவையும், கல்வியால் தலைநிமிர்ந்த வரலாற்றையும் அந்தப் பெயர் சுமக்கிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. கயிற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஹென்றி தாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரச் சிறுவர்களை, அர்த்தமே இல்லாத ஒரு காரணத்தைச் சொல்லி இரண்டாகப் பிரித்தார். அதுவே போதுமாக இருந்தது. தன் குழுவுக்குக் கூடுதலாகவும் அடுத்த குழுவுக்குக் குறைவாகவும் அவர்கள் பங்கு வைத்தார்கள். வெறும் பெயர்ப் பிரிவினையே இந்தப் பாடு படுத்துமென்றால், நூற்றாண்டு வன்மத்தைச் சுமக்கும் ஒரு கயிறு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

முறைப்பும் மானமும்

தென்தமிழகத்தில் பல சண்டைகள் ஒரு பார்வையில் தொடங்குகின்றன. “என்னடா முறைக்கிற?” நிலத்தகராறோ பணத்தகராறோ இல்லாத இடத்திலும் இந்தக் கேள்வி கத்தி வரை போகிறது. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டோவ் கோஹனும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதே புதிரைப் பார்த்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குறுகிய நடைபாதையில் ஒருவர் வேண்டுமென்றே மாணவரை இடித்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். வடமாநில மாணவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு நடந்தார்கள். தென்மாநில மாணவர்களின் உடலில் பதற்றத்தையும் போட்டியையும் காட்டும் ஹார்மோன்கள் ஏறின. 1996-இல் அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ஆடுமாடு வளர்த்து வாழ்ந்த, அரசின் கை எட்டாத நிலப்பரப்பில், சீண்டினால் விடமாட்டான் என்ற பெயர்தான் ஒருவனுடைய சொத்துக்குக் காப்பு. நிலைமை மாறிய பிறகும் அந்தப் பெயரைக் காக்கும் பழக்கம் மாறவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலத்தின் வரலாறு இதோடு ஒப்பிடத்தக்கது. 1895-இல் கட்டிமுடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய்க்காகத் தலைமுறைகள் காத்திருந்தன. மழையை நம்பிய மானாவாரி நிலம், மாடுதான் சொத்து. ஊருக்கு ஊர் குடிகாவல் முறை இருந்தது. களவுபோன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கமும் இருந்தது. அரசு வராத இடத்தில் காவலனின் பெயருக்கு இருந்த பயம்தான் பூட்டு. பிறகு வந்த அரசு, காவல் காத்தவனையே குற்றவாளி என்றது. பிறவிக் குணம் என்று பார்த்தால் புரியாதது, வாழ்க்கைச் சூழல் என்று பார்த்தால் புரிகிறது.

ஆனால் மானம் என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மன்னித்துவிடக் கூடாது. மேலூர் வட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. பெரும் எதிர்ப்புக்கிடையே வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தை மறித்து வெட்டினார்கள். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே வெயிலின் எரிச்சல் இல்லை, திடீர்ச் சீண்டல் இல்லை. பேருந்தின் நேரம் தெரிந்து, இடம் பார்த்து, ஆள் சேர்த்துச் செய்த கொலை அது. கீழே இருக்க வேண்டியவர் மேலே உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் குற்றமாகக் கருதப்பட்டது. தன் செயலை நியாயமான தண்டனை என்று நம்பிக்கொண்டால் மனிதனின் மனசாட்சி உறுத்துவதை நிறுத்திவிடும் என்று பண்டூரா பிற்காலத்தில் எழுதினார். கொன்றவர்களை அப்படி நம்பவைத்தது சொந்த மூளையின் கோளாறு அல்ல. பின்னால் நின்ற ஊரின் மௌனம்.

இரண்டு கூட்டங்கள்

கூட்டத்துக்கு மூளை கிடையாது என்று 1895-இல் எழுதியவர் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ போன். கூட்டத்தில் முகமற்றுப் போகும்போது மனிதன் கட்டவிழ்கிறான் என்று 1969-இல் ஃபிலிப் ஜிம்பார்டோ அதை நவீனப்படுத்தினார். மதுரை கண்ட இரண்டு கூட்டங்களை அருகருகே வைத்தால் இந்தக் கொள்கை ஆட்டம் காண்கிறது.

2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது. பெட்ரோல் குண்டுத் தீயில் சிக்கி மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். கருத்துக்கணிப்பு எடுத்தவர்களும் அல்லர், ஆசிரியர்களும் அல்லர், அன்று வேலைக்கு வந்திருந்தவர்கள். 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் 17 பேரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்து ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. இந்தக் கூட்டம் முகமற்றதாக இருந்ததா? பட்டப்பகல், கேமராக்கள், போலீஸ், தெரிந்த முகங்கள். முகத்தை மறைக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லாமல் போனது. ஊர் தன்னை அடையாளம் கண்டாலும் ஒன்றும் ஆகாது என்ற தைரியம், முகமூடியைவிடப் பெரிய மறைப்பு.

பத்து ஆண்டுகள் கழித்து, 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்கு 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் தொடங்கிய போராட்டம் தமுக்கத்துக்கு வந்தது. செல்லூர் அருகே வைகைப் பாலத்தில் ரயில் நாள்கணக்கில் மறிக்கப்பட்டு நின்றது. எண்ணிச் சொல்ல முடியாத இளைஞர் கூட்டம், தலைவர் கிடையாது. லெ போன் சொன்னது உண்மையானால் ஊர் எரிந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? வீடுகளிலிருந்து சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. பையன்கள் குப்பை பொறுக்கினார்கள், ஆம்புலன்ஸுக்கு வழி விட்டார்கள். பெண்கள் இரவிலும் பயமின்றி உட்கார்ந்திருந்தார்கள். தமிழர் மானம் காக்க வந்திருக்கிறோம், நம்மை ஊரே பார்க்கிறது என்ற எண்ணமே ஒழுங்கை உண்டாக்கியது. ஜனவரி 23 அன்று சென்னை மெரினாவில் போலீஸ் கூட்டத்தைக் கலைக்க இறங்கிய பிறகே தீவைப்பும் கல்வீச்சும் வந்தன.

பிரிட்டன் உளவியலாளர் ஸ்டீபன் ரெய்ச்சர், 1980-இல் பிரிஸ்டல் நகரில் நடந்த செயின்ட் பால்ஸ் கலவரத்தை ஆராய்ந்து சொன்னது இதைத்தான். கூட்டம் மூளையை இழப்பதில்லை. ‘நான்’ என்பது ‘நாங்கள்’ ஆகிறது. அந்த ‘நாங்கள்’ எதை நியாயம் என்று நினைக்கிறதோ அதைச் செய்கிறது; எதை நம் ஆட்கள் செய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறதோ அதைச் செய்வதில்லை. எல்லோரையும் ஒரே அடியாக அடித்து விரட்டும் போலீஸ் நடவடிக்கை, அதுவரை ஓரமாக நின்றவனையும் அந்த ‘நாங்க’ளுக்குள் தள்ளிவிடுகிறது.

சீருடையின் சம்மதம்

சம்மதம் கீழிருந்து மட்டும் வருவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகளில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னதும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. இதே சோதனையின் இன்னொரு வடிவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கூட இருந்த இருவர் “நாங்கள் செய்ய மாட்டோம்” என்று எழுந்துகொண்டபோது, 40 பேரில் நால்வர் மட்டுமே கடைசி வரை போனார்கள். மறுப்பதற்கும் துணை வேண்டியிருக்கிறது.

2020 ஜூனில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது, சி.பி.ஐ. தொடர்ந்த வழக்கு மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. அந்த வழக்கில் திருப்பம் தந்தது, அதே நிலையத்தைச் சேர்ந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் கொடுத்த வாக்குமூலம். ஒரு நிலையத்தில் அப்படி ஒரு குரல் எழும் என்று முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தால், லத்தி எத்தனை முறை ஓங்கப்படும் என்பதே மில்கிராம் நமக்கு விட்டுச்சென்ற கேள்வி.

விலக்கிவிடுபவர்கள்

மாட்டுத்தாவணியிலிருந்து கே.கே. நகர் வளைவு வரை மாலை ஆறு மணிக்கு வண்டிகள் உரசிக்கொண்டுதான் போகும். ஆட்டோ கண்ணாடி பைக் கைப்பிடியில் பட்டுவிடுகிறது. “யோவ், பாத்துப் போக மாட்டியா?” “நீ மொதல்ல நேரா ஓட்டு.” பைக்கிலிருந்து ஒருவன் இறங்குகிறான். இந்த நொடியில் சண்டையின் விதி அவன் கையில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கிறது. “விடாத மாப்ள” என்றால் ஒன்று. “வா மாப்ள, நேரமாச்சு” என்றால் வேறு. டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “விடுங்கப்பா, ரெண்டு பேரும் பொழப்பப் பாக்கப் போற ஆளுகதான” என்று நடுவில் வந்து நின்றால் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு பேருக்கும் தோற்ற மாதிரி இல்லாமல் பின்வாங்க அவர் ஒரு வழி கொடுக்கிறார்.

யாரும் குறுக்கே வர மாட்டார்கள் என்று 1964-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கொலையை வைத்து உலகம் நீண்டகாலம் நம்பியது. பல பேர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொருவரும் பொறுப்பை அடுத்தவர்மேல் போடுவார்கள் என்று 1968-இல் ஜான் டார்லியும் பிப் லடானேயும் சோதனையில் காட்டினார்கள். ஆனால் லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச்சண்டைகளைப் பார்த்த ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார். மனிதர்கள் விலக்கிவிடத்தான் செய்கிறார்கள், அது செய்தியாவதில்லை.

இதே வேலையை ஊர் அளவில் செய்ய முடியுமா? உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட பிறகு பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. தேர்தல் நடக்கவிடவில்லை, நடந்தாலும் வென்றவரை ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-இல் மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசினார், தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபைக் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது அதே பாப்பாபட்டியை.

உத்தப்புரத்தின் பாதை கரடுமுரடானது. 1989 சாதி மோதலுக்குப் பின், பட்டியல் சமூகத்தாரைப் பிரித்து எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்தது. சுவருக்கு ஆதரவான தரப்பினர் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் தங்கினார்கள். மீண்டும் மோதல்கள். 2011 அக்டோபரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் முயற்சியில் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன; நவம்பரில் பட்டியல் சமூகத்தார் முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். சுவர் இடிந்தால் மட்டும் பகை தீராது என்று கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொன்னார். இரு தரப்பும் சமநிலையில் சந்திக்க வேண்டும், பொது நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதிகாரம் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்பவை அவர் வைத்த நிபந்தனைகள். 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் பெட்டிகுரூவும் டிராப்பும் வெளியிட்ட முடிவு, சந்திப்பு வெறுப்பைக் குறைக்கிறது என்பதை உறுதி செய்தது; இந்த நிபந்தனைகள் கூடினால் பலன் அதிகம். 1996-க்கும் 2006-க்கும் இடையில் பாப்பாபட்டி மக்களின் ரத்தம் மாறவில்லை, வெயிலும் குறையவில்லை. எதிர்ப்பவர்களுக்குப் பின்னால் நின்ற சம்மதம் கலைந்தது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த முறை ஒரு வெட்டுக்குத்துச் செய்தி வரும்போது, அவனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். அவனோடு போனவர்கள் யார், அவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள் யார், ஜாமீனில் வந்தபோது மாலை போட்டவர்கள் யார், தெரிந்தும் வாய் திறக்காத தெரு எது என்று கேளுங்கள். ஆசிரியர் வகுப்பறையில் கேட்கட்டும், போலீஸ் முதல் தகவல் அறிக்கை எழுதும்போது கேட்கட்டும், நிருபர் செய்தி எழுதும்போது கேட்கட்டும். மனிதனின் கோபத்தை ஒழிக்க எந்த அரசாலும் முடியாது. அதற்குத் தரும் சம்மதத்தைத் திரும்பப் பெற நம் ஒவ்வொருவராலும் முடியும். அந்தப் பொறுப்பை மண்ணின்மேல் போட்டுத் தப்ப நமக்கு உரிமை இல்லை.